ஆராதனை முடிந்த பிறகு மிஞ்சும் பைகள்

ஒரு சபையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம் கழித்து அதன் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஐக்கிய விருந்து முடிந்திருக்கும். சமையலறைக் கதவுக்கு வெளியே பெரிய கறுப்புப் பைகள் ஐந்தாறு சாய்ந்து கிடக்கும். காகிதத் தட்டுகள், பிளாஸ்டிக் கரண்டிகள், இரண்டு மிடறு மட்டும் குடித்துவிட்டு வைத்த தண்ணீர் போத்தல்கள், பிள்ளைகள் தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கிய பிரியாணி என்று எல்லாம் அதற்குள் இருக்கும்.

படைத்தவரைப் போற்றி இப்போதுதான் பாடி முடித்தோம். பாடி முடித்த கையோடு அவர் படைத்த மண்ணுக்கு நாம் கொடுக்கும் காணிக்கை இந்தப் பைகள். சுற்றுச்சூழல் பற்றித் திருச்சபைகள் பேசும் ஒவ்வொரு தடவையும் என் நினைவுக்கு வருவது இந்தப் பின்பக்கம்தான்.

நான் கிள்ளானில் ஒரு தமிழ்ச் சபையைச் சேர்ந்தவள். வேலை பிரிக்பீல்ட்ஸ் பக்கம். இரண்டு ஊருக்கும் நடுவே கொமுட்டர் ரயில் ஓடுகிறது. இன்னொன்றும் ஓடுகிறது, அதுதான் கிள்ளான் ஆறு. கோலாலம்பூருக்கு வடகிழக்கே மலையில் பிறந்து, நகருக்குள் கோம்பாக் ஆற்றோடு சேர்ந்து, பிரிக்பீல்ட்ஸைத் தொட்டுக்கொண்டு, ஷா ஆலம், கிள்ளான் வழியாகச் சுமார் 120 கிலோமீட்டர் ஓடி மலாக்கா நீரிணையில் விழுகிறது. பிரிக்பீல்ட்ஸ் கால்வாயில் விழும் போத்தல் டிக்கெட் வாங்காமலே எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்துவிடும். அப்படி வருவதை அள்ளுவதற்காக 2019-ஆம் ஆண்டு முதல் கிள்ளானில் ஆற்றின் குறுக்கே ஒரு மிதக்கும் இயந்திரம் நிற்கிறது. நெதர்லாந்தின் ஓஷன் கிளீனப் அமைப்பு உருவாக்கியது அது. அதன் மேல் ஏறி வரும் குப்பையின் படங்களைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த பொருட்களாகவே இருக்கும். நம் வீட்டிலும் நம் சபையிலும் புழங்குபவை.

தோட்டம் என்ற சொல்

"பைபிளில் எங்கே இருக்கிறது சுற்றுச்சூழல்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. மனிதனை ஒரு தோட்டத்தில் வைத்து, அதைப் பண்படுத்தவும் காக்கவும் சொன்னதாக வருகிறது. மலேசியத் தமிழர்களுக்குத் தோட்டம் என்ற சொல்லை அகராதி பார்த்து விளக்க வேண்டியதில்லை. நம் தாத்தா பாட்டிகள் பிறந்து, வளர்ந்து, பால் மரம் சீவி, ஜெபக்கூடம் கட்டி, கல்லறைத் தோட்டத்தில் உறங்கியது எல்லாம் 'தோட்டத்தில்'தான். பண்படுத்தும் பாதியை அவர்கள் இந்த நாட்டுக்காக உயிரைக் கொடுத்துச் செய்தார்கள். காக்கும் பாதி மிச்சம் இருக்கிறது.

இன்னொரு இடமும் உண்டு. ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பகிர்ந்த கதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தக் கதையின் கடைசிப் பகுதியை மட்டும் நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். யோவான் எழுதிய சுவிசேஷத்தில், எல்லோரும் வயிறாரச் சாப்பிட்ட பிறகு, ஒன்றும் வீணாகாதபடி மிச்சத்தைச் சேர்க்கும்படி இயேசு சீடர்களிடம் சொல்கிறார். பன்னிரண்டு கூடை சேர்ந்தது. இல்லாத இடத்திலிருந்து உணவை வரவழைக்க முடிந்தவருக்கே மிச்சத்தின் மேல் அவ்வளவு அக்கறை இருந்திருக்கிறது. கேட்டரிங் பணம் கட்டி வாங்கும் நமக்கு ஏன் இல்லை?

போப் பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' சுற்றுமடலைப் பலர் பெரிய தத்துவ நூல் என்று நினைத்து ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதன் 211-ஆம் பத்தியைப் படித்தால் ஒரு குடும்பத் தலைவியின் குறிப்பேடு மாதிரி இருக்கும். பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் குறைப்பது, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பது, குப்பையைப் பிரிப்பது, சாப்பிடும் அளவுக்கு மட்டும் சமைப்பது, பொதுப் போக்குவரத்தில் போவது அல்லது காரைப் பகிர்ந்துகொள்வது, மரம் நடுவது, தேவையில்லாத விளக்கை அணைப்பது. ரோமாபுரியிலிருந்து வந்த செய்தி என்று சொன்னாலும், என் பாட்டி காலையிலிருந்து இரவுவரை சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான்.

ஒரே தேதி, இரண்டு செய்தி

கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைவரான முதலாம் திமித்ரியோஸ் 1989-ஆம் ஆண்டிலேயே செப்டம்பர் 1-ஐப் படைப்புக்காக ஜெபிக்கும் நாளாக அறிவித்தார். கத்தோலிக்கத் திருச்சபை 2015-இல் அதே நாளை ஏற்றுக்கொண்டது. இப்போது பல சபைகள் செப்டம்பர் 1-இல் தொடங்கி, அசிசியின் பிரான்சிஸ் நினைவு நாளான அக்டோபர் 4 வரை படைப்பின் காலமாக அனுசரிக்கின்றன.

கோலாலம்பூர்வாசிகளுக்கு அந்த 2015 செப்டம்பர் 1 வேறொரு காரணத்துக்காகவும் நினைவிருக்கும். வீட்டிலேயே குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்ற சட்டம் கூட்டரசுப் பிரதேசத்திலும் இன்னும் சில மாநிலங்களிலும் அன்றுதான் கட்டாயமானது. அடுத்த ஆண்டு ஜூன் 1 முதல் அபராதமும் வந்தது. மறுசுழற்சிக்கு உரியதை வாரத்தில் ஒரு நாள் தனியாக எடுத்துப் போகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. எங்கள் கிள்ளான் வராது. திடக்கழிவுச் சட்டத்தை சிலாங்கூர் ஏற்கவில்லை, தனியாகத் தன் வழியில் செய்கிறது. அதனால் ஒரே சபையின் இரண்டு குடும்பங்களில், பிரிக்பீல்ட்ஸ் குடும்பம் பிரித்துப் போடப் பழகியிருக்கும், கிள்ளான் குடும்பத்துக்கு அந்தப் பழக்கம் வந்திருக்காது. சட்டம் கேட்காத இடத்தில் பழக்கத்தை உண்டாக்கக்கூடிய ஒரே இடம் வழிபாட்டுத்தலம் என்று நான் நம்புவது இதனால்தான்.

சிலாங்கூரும் சும்மா இருக்கவில்லை. 2017 ஜனவரி 1 முதல் பொலிஸ்தீரின் உணவுப் பெட்டிகளுக்குத் தடை வந்தது, பிளாஸ்டிக் பைக்கு 20 சென் வந்தது. சபைகளில் அதன் பலன் உடனே தெரிந்தது. வெள்ளைப் பெட்டி போய்ப் பழுப்புநிறக் காகிதப் பெட்டி வந்தது. ஆனால் கறுப்புப் பைகளின் எண்ணிக்கை குறையவில்லை. சாம்பார் ஒழுகாமல் இருக்க அந்தக் காகிதப் பெட்டிகள் பலவற்றின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூசியிருக்கிறார்கள். எண்ணெயும் சோறும் ஒட்டிய பெட்டியை மறுசுழற்சிக்கு எடுக்கவும் மாட்டார்கள். பெட்டியின் நிறம் மாறியதே தவிர, ஒரு தடவை சாப்பிட்டுத் தூக்கிப் போடும் வழக்கம் அப்படியே இருந்தது.

மறுசுழற்சிக்குத்தானே போகிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஜென்ஜாரோமை நினைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை 2018-இல் சீனா நிறுத்தியதும், அந்தக் கப்பல்கள் நம் துறைமுகத்தைப் பார்த்துத் திரும்பின. கோல லங்காட்டில் உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. விற்க முடியாததை எரித்தார்கள். அந்தப் புகையைச் சுவாசித்த ஊர்வாசிகள்தான் போராடி அதை வெளியே கொண்டுவந்தார்கள். 2019 மே மாதம் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன்களைத் திறந்து காட்டி, வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. மறுசுழற்சி என்ற பெட்டிக்குள் போட்டதும் பொருள் மாயமாகிவிடுவதில்லை. யாரோ ஒருவர் வீட்டு ஜன்னல் பக்கத்தில் அது போய் நிற்கிறது.

"யாரு கழுவறது?"

எங்கள் சபையில் வாலிபர் சங்கத்தினர் ஒரு யோசனையோடு வந்தார்கள். இனி ஐக்கிய விருந்துக்கு எவர்சில்வர் தட்டு, டம்ளர். தூக்கிப் போடும் பொருளே வேண்டாம். கணக்கும் போட்டு வைத்திருந்தார்கள். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது பல ஆண்டுகளாகச் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டி ஒருவர் கேட்டார்:

"தட்டு வாங்கலாம் தம்பி. யாரு கழுவறது?"

கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் பதில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆன்ட்டியும், அவர் கூட நிற்கும் இன்னும் நான்கு பெண்களும்தான் கழுவ வேண்டியிருக்கும். அவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி. காகிதத் தட்டு வந்த நாளில்தான் அவர்கள் முதன்முதலாகக் கடைசி ஜெபம்வரை உட்கார்ந்து கேட்க முடிந்தது.

சுற்றுச்சூழல் கூட்டங்களில் யாரும் பேசாத விஷயம் இது. தூக்கிப் போடும் பொருட்கள் வெறும் சோம்பேறித்தனத்தால் நம் வீட்டுக்குள் வரவில்லை. பெண்களின் முதுகிலிருந்து ஒரு வேலையை இறக்கி வைப்பதாகச் சொல்லித்தான் வந்தன. அந்த வேலையைத் திரும்ப அதே முதுகில் ஏற்றி, அதற்குப் பசுமைத் திட்டம் என்று பெயர் வைத்தால், அது படைப்பைக் காப்பது ஆகாது.

ஆன்ட்டியே வழியையும் சொன்னார். "தோட்டத்துல இருந்தப்போ திருநாள் சாப்பாட்டுக்கு அண்டா தேய்க்கறது ஆம்பளைங்க வேலை. எலை வெட்டறதும் அவங்கதான். தட்டு வேணும்னா அவங்கவங்க வீட்டுல இருந்து கொண்டு வருவாங்க. இப்ப என்ன, கை தேஞ்சா போயிடும்?"

அப்படித்தான் தொடங்கியது. ஒவ்வொரு குடும்பமும் தன் தட்டையும் டம்ளரையும் துணிப் பையில் கொண்டு வருவது. மறந்தவர்களுக்கும் விருந்தினருக்கும் சபையில் கொஞ்சம் தட்டு வைத்திருப்பது. வாரம் ஒரு வீட்டுக் கூட்டத்தார் முறை வைத்துக் கழுவுவது, அதில் ஆண்களும் கட்டாயம். தண்ணீர் போத்தலுக்குப் பதிலாகக் குழாய் வைத்த பெரிய கலன். மிஞ்சும் சோற்றைக் கட்டிக்கொண்டு போக வீட்டிலிருந்தே தூக்குச்சட்டி.

எல்லோரும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதினால் பொய் ஆகிவிடும். சுவிசேஷம் சொல்லத்தான் சபை இருக்கிறது, தட்டுக் கழுவ இல்லை என்று ஒரு பெரியவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். "சீஷர் காலைக் கழுவினதும் சுவிசேஷந்தான் ஐயா" என்று ஆன்ட்டி சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கத் திரும்பிவிட்டார். கல்யாண வரவேற்பு நடந்தால் இன்றும் கேட்டரிங்காரர் பெட்டியோடுதான் வருகிறார். கிறிஸ்துமஸ் அன்று கூட்டம் தாங்காது, பழைய மாதிரியே ஆகிவிடுகிறது. ஆனாலும் சாதாரண ஞாயிறுகளில் ஐந்தாறு பைகள் நின்ற இடத்தில் இப்போது இரண்டு நிற்கின்றன. கழுவும் தொட்டிப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. பத்து வருஷமாக ஒரே வரிசையில் உட்கார்ந்தும் பேசிக்கொள்ளாத இரண்டு அண்ணன்கள் அங்கேதான் பேச ஆரம்பித்தார்கள்.

ஆறு வீட்டுக்குள் வந்த நாள்

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்தது என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் முதல் மாடியை எட்டிப் பிடித்தது. கூரை மேல் ஏறி நின்று படகுக்காகக் காத்திருந்தவர்களில் நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. உயிரிழப்பும் ஏற்பட்டது. அந்தப் பருவத்து வெள்ளத்தால் நாடு முழுவதும் 610 கோடி ரிங்கிட் இழப்பு என்று புள்ளிவிவரத் துறை பிறகு கணக்குச் சொன்னது.

அந்த வாரம் எல்லா மதத்தவரும் சமைத்தார்கள். பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் அடுப்பு அணையவில்லை. கோயில்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள் எல்லாம் திறந்திருந்தன. எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் பலகாரம் சுட வேண்டிய அடுப்பில் சோறு வெந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சேறு அள்ளப் போனோம். தெருவின் இரு பக்கமும் மெத்தை, சோபா, குளிர்ப்பெட்டி, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம், ஊறி உப்பிய கல்யாண ஆல்பம் என்று ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன.

காகிதத் தட்டை நிறுத்தியிருந்தால் அந்த வெள்ளம் வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. கனமழை, தாழ்வான நிலம், கடல் ஏற்றம், மண் தெரியாமல் போட்ட சிமெண்டு என்று காரணங்கள் பல. அடைத்துக்கொண்ட கால்வாயும் அதில் ஒன்று. ஆனால் இயற்கை சீர்கெடும்போது யார் முதலில் நனைகிறார்கள் என்பதை அந்தத் தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள். ஒற்றை மாடி வீட்டுக்காரர், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர், காப்புறுதி இல்லாதவர். அயலானை நேசி என்ற கட்டளைக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

அதற்கு முந்திய ஆண்டில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2020 செப்டம்பர் 3 அன்று சுங்கை கோங் ஆற்றில் யாரோ கழிவைக் கலக்க, சுங்கை சிலாங்கூர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் தண்ணீர் வரவில்லை. படைப்பின் காலம் தொடங்கி மூன்றாவது நாள் அது. ஞானஸ்நானத் தொட்டிக்கும் கக்கூசுக்கும் ஒரே ஆற்றுத் தண்ணீர்தான் என்பது வாளியோடு வரிசையில் நின்றபோது நன்றாகப் புரிந்தது.

நமக்குப் புதிதல்ல

இது வெள்ளைக்காரர் பாணி, ஆங்கில ஆராதனைக்காரர்களுக்கு உரியது என்று தமிழ்ச் சபைகளில் ஒரு எண்ணம் இருக்கிறது. துண்டுப் பிரசுரங்கள் ஆங்கிலத்தில் வருகின்றன, கருத்தரங்கு ஆங்கிலத்தில் நடக்கிறது, தமிழ் ஆராதனைக்கு இரண்டு நிமிட அறிவிப்பு மட்டும் வந்து சேர்கிறது. எண்ணத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் நம் மரபைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். பிரிக்பீல்ட்ஸில் சீயோன் லுத்தரன் ஆலயத்தில் கூடும் தமிழ் லுத்தரன்களின் வேர் தரங்கம்பாடியில் இருக்கிறது. 1776-இல் அந்தத் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனெரி ரோட்லர், தமிழ் அகராதி தொகுத்தவர் என்று பலருக்குத் தெரியும். அதே கையால் தமிழ் மண்ணின் செடிகொடிகளைச் சேகரித்து, உலர்த்தி, பெயரிட்டு வைத்தவரும் அவர். அவருக்குச் சொல்லும் செடியும் சேர்த்துக் காக்க வேண்டியவையாக இருந்திருக்கின்றன. நம் காலத்திலேயே, திருச்சி தூய வளனார் கல்லூரியில் இருந்த இயேசு சபைக் குரு கே.எம்.மேத்யூ, 1967-இல் ராபினட் தாவரக் காப்பகத்தைத் தொடங்கி, தமிழக நிலத்தின் தாவரங்களைத் தொகுதி தொகுதியாகப் பதிவு செய்தார். பழநி மலைகளைக் காக்கும் அமைப்பை 1985-இல் உருவாக்கியதிலும் முன்னின்றார். 2004-இல் மறையும்வரை அந்த வேலையை அவர் விடவில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் சூழலியலுக்கென்றே தனித் துறை இயங்குகிறது. நம் நாட்டிலும் கத்தோலிக்க ஆயர்கள் 2026-ஆம் ஆண்டு தேசிய மாநாட்டுக்கு எடுத்துக்கொண்ட நான்கு பொருள்களில், திருச்சபை, குடும்பம், சமுதாயம் ஆகியவற்றோடு சூழலியலும் ஒன்று.

நம் திருநாள்களிலும் இது இருக்கிறது. குருத்தோலை ஞாயிறன்று வாங்கிப் போகும் ஓலையைத் தூக்கி எறிவதில்லை. காயவைத்து, அடுத்த ஆண்டு எரித்து, சாம்பல் புதனுக்கு நெற்றியில் பூசுகிறார்கள். அறுப்பின் பண்டிகைக்கு வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து ஏலம் விடுகிறோம். இப்போது பல இடங்களில் ஏலத்துக்கு வருவது பேரங்காடியில் வாங்கிய பிஸ்கட் டின்னும் பழக்கூடையும். அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் ஒரு தொட்டி வைத்தாலே கறிவேப்பிலை, பண்டான், செராய், மிளகாய் வரும். ஒரு கொத்துக் கறிவேப்பிலையை ஐம்பது ரிங்கிட்டுக்கு ஏலம் எடுக்கும் மகிழ்ச்சி டின்னில் வராது.

பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் தூரத்துக்குள் ஹோலி ரோசரி, பாத்திமா மாதா, சீயோன் லுத்தரன், தமிழ் மெதடிஸ்ட் என்று எத்தனை ஆலயங்கள்! கிள்ளானிலும் அப்படித்தான். வழிபாட்டு முறையில் வேறுபடலாம், குப்பையில் நாம் எல்லோரும் ஒன்று. இந்த செப்டம்பரில் ஒவ்வொரு சபையும் மூன்று காரியம் மட்டும் செய்து பார்க்கலாம். ஒரு ஞாயிறு பின்பக்கப் பைகளை எண்ணிப் பார்ப்பது. போத்தல் தண்ணீரை நிறுத்துவது. ஒரு பிரசங்கத்தையாவது முழுதாகத் தமிழில், நம் ஆற்றின் பெயரைச் சொல்லி, இதற்காக ஒதுக்குவது.

அடுத்த ஞாயிறு கிளம்பும்போது வேதாகமத்தோடு ஒரு தட்டையும் பையில் எடுத்து வையுங்கள். ஐயாமார்களே, அண்ணன்மார்களே, சாப்பிட்டு முடித்ததும் கார் சாவியைத் தேடாமல் தொட்டிப் பக்கம் வாருங்கள். சோப்பு நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம்.